கோப்பு சொன்ன தேதியும் அம்மா சொன்ன தேதியும்

(திருவல்லிக்கேணியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியில் புதிதாக ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருந்தார்கள். நான் இதே திருவல்லிக்கேணியில் ஓர் அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் நடத்துகிறேன். புதிது என்று சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளோடு சேர்ந்து நம் ஊர் மழைக் கணக்கைக் கணினியில் படித்தோம். அதில் மூன்று தவறுகள் செய்தோம். மூன்றில் ஒன்றைக்கூடக் கணினி கண்டுபிடிக்கவில்லை. மனிதர்கள்தான் கண்டுபிடித்தார்கள். மூன்றாவது தவறு முழுக்க என்னுடையது. அதற்காக ஒரு மாணவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

கணினி நடத்தாத ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். இது மழை பற்றிய பேச்சுதான்.

தொடங்கிய விதம்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் 13ஆவது பாடம் சி.எஸ்.வி. கோப்புகள் பற்றியது. 14ஆவது பாடம், சி++ மொழியில் எழுதிய நிரலைப் பைத்தான் மொழிக்குள் கொண்டுவந்து பயன்படுத்துவது பற்றியது. இந்த 14ஆவது பாடத்தை நடத்தும்போது ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் ஒரே கேள்வி எழும். “ஒரு மொழியில எழுதினதை ஏன் மிஸ் இன்னொரு மொழிக்குள்ள கொண்டுபோகணும்? அந்த மொழியிலேயே திருப்பி எழுதிட்டா என்ன?”

நியாயமான கேள்வி. நான் “வேகம், மறுபயன்பாடு” என்று இரண்டு சொற்களில் பதில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவேன். தேர்வுக்கு அது போதும். ஆனால் பதில் சொன்ன எனக்கே அது போதவில்லை.

அந்த ஆண்டு நம் தெருக்களில் தண்ணீர் தேங்கிய ஒரு மழை நாளுக்குப் பிறகு வகுப்பில் பேச்சு 2015 வெள்ளத்துக்குப் போனது. அப்போது இந்தப் பிள்ளைகளுக்கு எட்டு வயது. “அன்னைக்கு எவ்வளவு மழை பெய்தது என்று யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அந்த எண் எங்கே இருக்கும் என்று தேடப் போனதுதான் ஆரம்பம்.

நம் பள்ளிகளிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே 1792ஆம் ஆண்டிலேயே வானாய்வுக்கூடம் கட்டப்பட்டது. அந்தக் கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் இருக்கிறது. எதற்காக நிறுத்தப்பட்டது என்ற செய்தி அதில் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு பொருள் தன்னைப் பற்றிய விவரத்தைத் தன்மேலேயே சுமந்து நிற்பது நல்ல வழக்கம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, நாடு முழுவதும் உள்ள மழைமானிகளின் பதிவுகளைக் கொண்டு 1901ஆம் ஆண்டிலிருந்து நாள்வாரி மழைத் தரவைக் கட்டங்களாகத் தயாரித்திருக்கிறது. புனேயில் உள்ள அதன் அலுவலகம் இதை இணையத்தில் தருகிறது. ஓர் ஆண்டுக்கு ஒரு கோப்பு. 2015ஆம் ஆண்டுக் கோப்பை எடுத்து, மாணவிகள் முன்னால் திறந்தேன். திரையில் வந்தது வெறும் கிறுக்கல்.

தன் விவரத்தைத் தானே சொல்லும் கோப்பு

அது சி.எஸ்.வி. கோப்பு அல்ல. நெட்சிடிஎஃப் என்ற வகைக் கோப்பு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் யுனிடேட்டா என்ற அமைப்பு 1980களின் இறுதியில் வானிலை ஆய்வுக்காக உருவாக்கிய வடிவம் இது. இன்று உலகம் முழுவதும் வானிலை, கடல், காலநிலைத் தரவுகள் பல இந்த வடிவத்தில் கைமாறுகின்றன.

ஏன் சி.எஸ்.வி. போதாது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த மழைக் கோப்பு இந்தியாவின் மேல் ஒரு வலையை விரிக்கிறது. தீர்க்கக்கோடு 66.5 பாகையிலிருந்து 100 பாகை வரை, அட்சக்கோடு 6.5 பாகையிலிருந்து 38.5 பாகை வரை. கால் பாகைக்கு ஒரு புள்ளி. கிழக்கு மேற்காக 135 புள்ளிகள், தெற்கு வடக்காக 129 புள்ளிகள். பெருக்கினால் ஒரு நாளைக்கு 17,415 எண்கள். 365 நாளுக்கு 63,56,475 எண்கள். இதை வரிவரியாக எழுத்துகளில் எழுதி வைத்தால், திருவல்லிக்கேணியின் ஓர் எண்ணைத் தேடுவதற்கு முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே வர வேண்டும். நெட்சிடிஎஃப் கோப்பில் அப்படி இல்லை. எண்கள் குறிப்பிட்ட ஒழுங்கில் அடுக்கப்பட்டிருப்பதால், எத்தனையாவது இடம் என்று கணக்குப் போட்டு நேராக அங்கே போய்விடலாம்.

அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. இந்தக் கோப்பில் மூன்று வகைச் செய்திகள் இருக்கும். முதலாவது பரிமாணங்கள்: எத்தனை அட்சக்கோடு, எத்தனை தீர்க்கக்கோடு, எத்தனை நாள். இரண்டாவது மாறிகள்: மழை அளவு என்ற அந்த எண்களின் அடுக்கு. மூன்றாவது பண்புகள்: இந்த எண் மில்லிமீட்டரா சென்டிமீட்டரா, நாட்கள் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன, பதிவு இல்லாத இடத்தில் என்ன எண் போட்டிருக்கிறது போன்ற குறிப்புகள். எண்ணும் எண்ணின் விவரமும் ஒரே கோப்புக்குள் சேர்ந்தே பயணம் செய்யும். சற்று முன் சொன்ன கருங்கல் தூண் போலத்தான்.

உறை என்றால் என்ன

இந்தக் கோப்பைப் படிக்கும் வேலையை யுனிடேட்டாவே சி மொழியில் ஒரு நிரல் நூலகமாக எழுதி வைத்திருக்கிறது. பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்திச் சோதித்துத் தேறிய நூலகம். வேகமானது. ஆனால் அதை நேரடியாகப் பயன்படுத்த சி மொழி தெரிய வேண்டும். நினைவக இடத்தை நாமே ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளையும் சரியாக முடிந்ததா என்று நாமே சரிபார்க்க வேண்டும். மாணவிகளுக்கு அது மலைப்பாக இருக்கும்.

எனக்கு ரூபி என்ற மொழி தெரியும். ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995இல் வெளியிட்ட மொழி. பல ஆண்டுகளுக்கு முன் பாரதி சாலை நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொண்டேன். ரூபியில் எழுதும் வரிகள் பேச்சுக்கு நெருக்கமாக இருக்கும். ஜப்பானில் வளிமண்டலத்தையும் கடலையும் ஆராயும் ஆய்வாளர்கள் பலர் ரூபியையே பயன்படுத்துகிறார்கள் என்பது தேடியபோது தெரிந்தது. அவர்களுடைய டென்னோ கிளப் என்ற குழு, சி நூலகத்தின்மேல் ஓர் உறை எழுதியிருக்கிறது. பெயர் ரூபி நெட்சிடிஎஃப்.

உறை என்றால் என்ன? நாம் ரூபியில் “இந்தக் கோப்பைத் திற” என்கிறோம். உறை அதை சி நூலகத்துக்குப் புரியும் கட்டளையாக மாற்றிக் கொடுக்கிறது. நூலகம் கோப்பைத் திறந்து எண்களை எடுத்துத் தருகிறது. உறை அந்த எண்களை ரூபிக்குப் புரியும் அணியாக மாற்றி நம்மிடம் தருகிறது. அந்த அணியும் சாதாரண ரூபி அணி அல்ல. என்அர்ரே என்ற தனி அணி. லட்சக்கணக்கான எண்களை சி மொழியில் இருப்பது போலவே நெருக்கமாக அடுக்கி வைத்துக்கொள்ளும். அதனால் வேகம் குறையாது. சி நூலகம் தன் தவறுகளை எண்களாகச் சொல்லும். உறை அதை நமக்குப் புரியும் பிழைச் செய்தியாக மாற்றும்.

“ஏன் மிஸ் திருப்பி எழுதக்கூடாது?” என்ற கேள்விக்கு இங்கேதான் எனக்கே பதில் கிடைத்தது. பல ஆண்டுகள் சோதிக்கப்பட்ட ஒன்றை நாம் புதிதாக எழுதினால், அவர்கள் என்றோ திருத்திய பிழைகளை நாம் மறுபடி முதலிலிருந்து செய்வோம். பைத்தானுக்கும் இதே நூலகத்தின்மேல் உறை இருக்கிறது. பாடநூலுக்குப் பைத்தான்தான் பொருத்தம். இரண்டு மொழிகளிலும் கீழே இருப்பது அதே சி நூலகம்தான் என்று கரும்பலகையில் படம் போட்டபோது 14ஆவது பாடம் முடிந்துவிட்டது.

நிறுவும்போது ஒரு நாள் முழுக்கத் தடுமாறினோம். அதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படலாம். என்னுடைய பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இருக்கிறது. உறையை மட்டும் இறக்கி நிறுவப் பார்த்தேன். தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்று பிழை வந்தது. உறைக்குள் சி நூலகம் இல்லை. நூலகத்தைத் தனியாக முதலில் நிறுவ வேண்டும். அதிலும் நிரல் எழுதுவோருக்கான தலைப்புக் கோப்புகள் சேர்ந்த தொகுப்பு வேண்டும். உபுண்டுவில் அதன் பெயர் ‘டெவ்’ என்று முடியும். தலையணை உறையை மட்டும் வாங்கிவிட்டுத் தலையணையைத் தேடியது போல் ஆகிவிட்டது என்று மாணவிகள் சிரித்தார்கள்.

நிரல் பத்து வரிகளுக்குள்தான். உறையை அழை. கோப்பைத் திற. மழை என்ற மாறியை எடு. அதன் அலகு என்ன என்று கேள். தொடக்க இடம், முடிவு இடம் கொடுத்து வேண்டிய பகுதியை மட்டும் படி. கோப்பை மூடு. அவ்வளவுதான்.

இனி அந்த மூன்று தவறுகள்.

முதல் தவறு: மைனஸ் மழை

திருவல்லிக்கேணிக்கு மிக அருகில் இருக்கும் வலைப்புள்ளி, வடக்கு அட்சம் 13 பாகை, கிழக்குத் தீர்க்கம் 80.25 பாகை. ஒரு புள்ளி போதாது, சுற்றியுள்ள நான்கு புள்ளிகளை எடுத்துச் சராசரி போடலாம் என்று ஒரு குழு முடிவு செய்தது. 80.25, 80.5 தீர்க்கங்களில், 13, 13.25 அட்சங்களில் நான்கு புள்ளிகள். நிரல் ஓடியது. மழையே இல்லாத ஒரு கோடை நாளுக்கு வந்த விடை மைனஸ் 499.5 மில்லிமீட்டர்.

நிரலில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. கணினிக்கு மைனஸ் மழையும் ஓர் எண்தான். ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை ஒருவர் ஏதோ கேட்க ஆய்வகத்துக்குள் வந்தவர், திரையைப் பார்த்து, “மழை பூமியிலேர்ந்து வானத்துக்குப் போகுதா?” என்றார். அப்போதுதான் பார்த்தோம்.

80.5 பாகை என்றால் நம் மெரினாவைத் தாண்டிக் கடல். இந்தத் தரவு இந்திய நிலப்பரப்புக்கு மட்டும். கடலில் மழைமானி இல்லை. அங்கே எண் இல்லை என்பதைக் காட்ட மைனஸ் 999 போட்டிருக்கிறார்கள். நான்கில் இரண்டு புள்ளிகள் பூஜ்யம், இரண்டு மைனஸ் 999. கூட்டி நான்கால் வகுத்தால் மைனஸ் 499.5. கணக்கு சரி, பொருள்தான் தவறு.

இந்தத் தவறு கண்ணில் பட்டது எங்கள் அதிர்ஷ்டம். பத்துப் புள்ளிகளில் ஒன்று மட்டும் கடலாக இருந்து, அன்று மிகக் கனத்த மழையும் பெய்திருந்தால் விடை மைனஸில் வந்திருக்காது. மழை குறைவாகப் பெய்தது போலத் தெரிந்திருக்கும். நாங்களும் நம்பியிருப்போம். விடுபட்ட மதிப்பைப் பற்றிய குறிப்பு கோப்பில் இருந்தால், அந்த இடங்களை மறைத்துத் தரும் தனி வழியை இந்த உறையே வைத்திருக்கிறது. ஆனால் அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். சும்மா எடு என்றால் மைனஸ் 999ஐயும் எடுத்துத் தந்துவிடும்.

இரண்டாம் தவறு: சில்வாசாவின் மழை

அடுத்து ஒரே புள்ளியின் 365 நாள் மழையை வரைபடமாகப் போடச் சொன்னேன். புள்ளியின் இடத்தைக் கணக்கிட வேண்டும். 80.25இலிருந்து 66.5ஐக் கழித்துக் கால் பாகையால் வகுத்தால் 55. 13இலிருந்து 6.5ஐக் கழித்துக் கால் பாகையால் வகுத்தால் 26. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் இதே எண்களைக் கொடுக்கலாம். மாணவிகள் சரியாகக் கணக்கிட்டார்கள்.

வரைபடம் வந்தது. ஜூலையில் கோடுகள் உயர்ந்து நின்றன. நவம்பரில் தட்டையாகக் கிடந்தது. எண்கள் எல்லாம் நேர் எண்கள். பார்க்க நம்பும்படி இருந்தன. ஒரு குழு அதைப் பெரிதாக அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியும் விட்டது.

சமூக அறிவியல் ஆசிரியர் மதிய இடைவேளையில் பலகை முன் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “டீச்சர், சென்னைக்கு வடகிழக்குப் பருவமழையில்தான் பெரும்பகுதி மழை. அக்டோபர், நவம்பர், டிசம்பர். அதுவும் 2015! இது மேற்குக் கடற்கரை மழை மாதிரி இருக்கே” என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. நாங்கள் அட்சத்தின் எண்ணைத் தீர்க்கத்தின் இடத்திலும், தீர்க்கத்தின் எண்ணை அட்சத்தின் இடத்திலும் கொடுத்திருந்தோம். சி மொழிக் கையேட்டில் வரிசை நாள், அட்சம், தீர்க்கம். ரூபி உறையில் என்அர்ரேயின் வழக்கப்படி அது தலைகீழ்: தீர்க்கம், அட்சம், நாள். நாங்கள் நாளின் இடத்தைச் சரியாக மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் பழைய வரிசையிலேயே விட்டுவிட்டோம். அப்படி மாற்றினால் எந்த ஊர் வரும்? தீர்க்கம் 73, அட்சம் 20.25. வரைபட நூலை எடுத்துப் பார்த்தோம். தாத்ரா நகர் ஹவேலியின் சில்வாசா! திருவல்லிக்கேணி என்று தலைப்பிட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊரின் மழையை ஒட்டி வைத்திருக்கிறோம்.

உறை நமக்கு வேலையை எளிதாக்குகிறது. ஆனால் இரண்டு மொழிகளின் வழக்கங்கள் சந்திக்கும் எல்லையில் அது நிற்கிறது. எல்லையில்தான் இப்படி இடம் மாறும். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு விதி உண்டு. இட எண்ணைக் கொடுத்து மழையை எடுப்பதற்கு முன், அதே இட எண்களைக் கொடுத்து அட்சத்தையும் தீர்க்கத்தையும் கோப்பிலிருந்தே கேட்டு வாங்க வேண்டும். 13, 80.25 என்று வந்தால்தான் மேலே போகலாம்.

மூன்றாம் தவறு: என்னுடையது

வரிசையைச் சரிசெய்து மறுபடி வரைந்தோம். இப்போது நவம்பர், டிசம்பர் உயர்ந்தன. ஆண்டின் மிக உயர்ந்த கோடு டிசம்பர் 2.

மாணவிகளிடம் ஓர் அட்டவணை தயாரிக்கச் சொல்லியிருந்தேன். ஒரு பத்தியில் கோப்பில் உள்ள தேதியும் மழையும். இன்னொரு பத்தியில் ‘வீட்டில் கேட்டறிந்தவை’. ஒரு மாணவியின் அம்மா இங்கே மேன்ஷன்களில் தங்கியிருக்கும் இளைஞர்களுக்குச் சாப்பாடு செய்து கொடுப்பவர். மாணவி அம்மாவைக் கேட்டு எழுதியிருந்தாள்: டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை காலையில் மழை பிடித்தது, நாள் முழுக்க விடவில்லை, சாயங்காலம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், இரவு சாப்பாடு கொண்டுபோக முடியவில்லை.

“மிஸ், அம்மா செவ்வாக்கிழமைன்னு சொல்றாங்க. கோப்புல புதன்கிழமை, 2ஆம் தேதின்னு வருது. 1ஆம் தேதிக்கு எண் சின்னதா இருக்கு” என்றாள்.

நான் திரையைக் காட்டி, “கோப்புல இருக்கிறதுதான்மா சரி. எட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அம்மாவுக்கு நாள் மாறியிருக்கும்” என்றேன். வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. அளவுகோலை வைத்து அம்மா சொன்ன அந்த வரியை நேராக ஒரு கோடு போட்டு அடித்தாள். நான் அடுத்த குழுவுக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்திருக்கும். காலையில் வீட்டில் வானொலிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. “இன்று காலை எட்டரை மணியுடன் முடிவடைந்த இருபத்து நான்கு மணி நேரத்தில்...” என்று மழை அளவுகளை வாசித்தார்கள். இந்த வாக்கியத்தை என் வாழ்நாள் முழுக்க மழைக்காலத்தில் கேட்டுவருகிறேன். அன்றுதான் காதில் விழுந்தது.

நம் வானிலைத் துறை நாள் மழையைக் காலை எட்டரை மணிக்கு அளக்கிறது. முந்தைய நாள் காலை எட்டரையிலிருந்து அன்று காலை எட்டரை வரை பெய்தது, அளந்த நாளின் தேதியில் எழுதப்படும். ஆகவே டிசம்பர் 1 காலை தொடங்கி நாள் முழுக்கவும் இரவும் பெய்த மழை, டிசம்பர் 2 என்ற தேதியில்தான் இருக்கும். அந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் 35, தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அந்த அம்மா சொன்ன செவ்வாய்க்கிழமை, நாள், நேரம் எல்லாமே சரி. கோப்பும் சரி. அந்தத் தேதிக்கு என்ன பொருள் என்று கேட்காமல் தீர்ப்புச் சொன்ன நான்தான் தவறு.

இதில் இன்னொன்றையும் கற்றேன். கால் பாகை என்பது தரையில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். ஒரு புள்ளியின் எண், அருகில் உள்ள பல மழைமானிகளின் பதிவுகளைத் தொலைவுக்கு ஏற்பக் கலந்து கணக்கிட்ட மதிப்பு. நுங்கம்பாக்கத்தின் 29ஐயும் தாம்பரத்தின் 49ஐயும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். நம் ஒரு தெருவில் என்ன பெய்தது என்று இந்தக் கோப்பு சொல்லவில்லை. சொல்வதாக அதைத் தயாரித்தவர்களும் சொல்லவில்லை. அந்தத் தெருவுக்கு இருக்கும் ஒரே பதிவு, அங்கே நின்றவரின் நினைவு. அதைத்தான் நான் அடிக்க வைத்தேன்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவியை எழுப்பி நிறுத்தவில்லை. நான்தான் எல்லோர் முன்னாலும் நின்று, “அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அம்மா சொன்னதுதான் சரி. என்னை மன்னிச்சுக்கோம்மா” என்றேன். எட்டரை மணிக் கணக்கைக் கரும்பலகையில் விளக்கினேன். அவள் அடித்த வரியின் மேல் மறுபடி எழுத இடம் இல்லை. பக்கத்தைத் திருப்பி, புதிய பக்கத்தில் முழுவதும் எழுதினாள். அட்டவணைக்கும் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தோம்: ‘இரண்டும் ஏன் வேறுபடுகின்றன?’

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய அம்மா வந்தார். நான் சொல்லத் தொடங்குவதற்குள் அவரே, “பாப்பா சொல்லிச்சு டீச்சர். நான் தப்பா சொல்லலைன்னு எனக்குத் தெரியும். செவ்வாக்கிழமை அரைச்ச மாவு அவ்வளவும் வீணாப்போச்சு, எப்படி மறக்கும்?” என்றார். கோப்பில் இல்லாத சான்று அது.

நாம் செய்யக் கூடியவை

நண்பர்களே, எல்லோரும் ரூபி கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த மூன்று தவறுகளும் கணினிக்கு வெளியேயும் நடப்பவைதான்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு மழைமானி செய்யலாம். பக்கங்கள் நேராக உள்ள கண்ணாடிக் குடுவை, ஓர் அளவுகோல் போதும். கட்டடமும் மரமும் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். எட்டரை மணி என்றால் பள்ளிக்குச் சீக்கிரம் வரும் பிள்ளைகளுக்கு நல்ல வேலை. நோட்டின் முதல் பக்கத்தில் இடம், அலகு, அளக்கும் நேரம் மூன்றையும் எழுத வைத்துவிடுங்கள். அந்தப் பக்கம்தான் நெட்சிடிஎஃப் கோப்பின் பண்புகள். சனி, ஞாயிறு அளக்காவிட்டால் பூஜ்யம் போட விடாதீர்கள். ‘அளக்கவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். மழை பெய்யாததும் அளக்காததும் ஒன்றல்ல என்பது மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் புரியும். எங்கள் பன்னிரண்டாம் வகுப்புக் குழு தடுக்கி விழுந்தது அங்கேதான்.

உயர்நிலை வகுப்புகளில் கணக்கு, சமூக அறிவியல், கணினி ஆசிரியர்கள் ஒரே தரவை ஒன்றாகப் பாருங்கள். எங்கள் முதல் தவறைக் கணக்கு ஆசிரியையும் இரண்டாவதைச் சமூக அறிவியல் ஆசிரியரும் கண்டுபிடித்தார்கள். ஆய்வகக் கதவைச் சாத்தியிருந்தால் இரண்டும் தப்பியிருக்கும்.

கணினி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 14ஆவது பாடத்தில் உறையைப் பற்றி நடத்தும்போது, உறை எதை மாற்றித் தருகிறது, எதை மாற்றாது என்றும் சொல்லுங்கள். எண்ணின் வடிவத்தை மாற்றித் தரும். வரிசையையும் மாற்றலாம். ஆனால் எண்ணின் பொருளை அது தராது. பொருளைக் கேட்பது படிப்பவரின் வேலை.

கடைசியாக ஒன்று. திரையில் ஓர் எண் தெரிந்ததும் அதற்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. எதிரில் ஒரு பிள்ளை, “எங்க வீட்ல வேற மாதிரி சொல்றாங்க மிஸ்” என்று சொன்னால் நமக்கு அது இடைஞ்சலாகத் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது அப்படி யாராவது சொன்னால், நோட்டில் எதையும் அடிக்க விடுவதில்லை. “பக்கத்துலயே எழுதி வைம்மா, ஏன்னு ரெண்டு பேரும் தேடிப் பார்ப்போம்” என்கிறேன். பெரும்பாலும் நாங்கள் இருவரும் ஏதாவது புதிதாகக் கற்றுக்கொள்கிறோம்.